இரண்டு முனையும் ஒரே பெட்டியில்

செப்டம்பர் 1, வெள்ளி

எனக்கு இரண்டு நோட்டு உண்டு. ஒன்று கல்லூரி கொடுத்த லாக் புக். எந்த மணி நேரத்தில் எந்தப் பாடம் எடுத்தேன், எத்தனை பேர் வந்தார்கள் என்று அதில் தினமும் எழுதி, சனிக்கிழமை துறைத் தலைவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். மற்றது இந்த டைரி. இதில் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை என்பதால் நடந்ததை நடந்தபடி எழுதலாம்.

இன்று நடந்தது: டேட்டா கம்யூனிகேஷன் பாடம் என் தலையில் விழுந்தது. எடுத்துக்கொண்டிருந்தவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் பாதி செமஸ்டரில் போய்விட்டார். துறைத் தலைவர் தாணுமாலயன் சார் கூப்பிட்டு, "செண்பகவல்லி மேடம், நீங்க எடுத்திருங்க. எல்லாம் கதை மாதிரிதான், கணக்கே கிடையாது, கேட்டியளா" என்றார். பதினோரு வருஷமாக நான் எடுப்பது சிக்னல் பிராசஸிங். அதில் கணக்கைத் தவிர வேறொன்றும் கிடையாது. கதை சொல்லும் பாடம் எனக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர், பி.எச்டி. முடிக்காத மூன்று பேரில் ஒருவரை டிசம்பரில் குறைக்கப்போவதாக நிர்வாகம் சொல்லியிருப்பதைச் சும்மா பேச்சுவாக்கில் எடுத்துவிட்டார். அந்த மூன்று பேரில் நான் ஒருத்தி. "சரி சார்" என்றேன்.

பாடத்தோடு நெட்வொர்க் லேபும் சேர்ந்து வந்தது. இனி நான்தான் லேப் இன்சார்ஜ். எழுபது கம்ப்யூட்டர், அவற்றின் வயர்களெல்லாம் போய்ச் சேர சுவரோரம் சுவிட்ச் பெட்டிகள், இத்தனையையும் கட்டி மேய்க்க டெக்னீஷியன் கோமதிநாயகம் அண்ணாச்சி. இந்தக் கல்லூரிக்கு நான் வருவதற்கு முன்பே வந்தவர். மூன்று வருஷமாக நல்ல பெட்டிகள் கேட்டு எழுதிக்கொண்டிருப்பதாகவும், இருப்பதெல்லாம் ஓட்டைப் பெட்டி என்றும் சொன்னார். நான் வந்த முதல் நாளே புலம்பல் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.

இறுதியாண்டு வகுப்பு, அறுபத்திரண்டு பேர். அவர்களைவிட ஒரு அத்தியாயம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தால் போதும் என்று கணக்குப் போட்டிருந்தேன். முதல் நாளே மூன்றாவது பெஞ்சிலிருந்து இசக்கிராஜா இரண்டு அத்தியாயம் தள்ளிக் கேள்வி கேட்டான். போன மாதம் லேபில் எல்லாத் திரைகளிலும் 'பசிக்குது, பிரேக் விடுங்க' என்று ஒரே நேரத்தில் செய்தி வரவைத்து, மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தவன் இவன்தானாம். பார்த்து நடக்க வேண்டும்.

செப்டம்பர் 4, திங்கள்

காலில் வீக்கம். ஆறு மணி நேரம் நின்றிருக்கிறேன்.

சென்னைக் கம்பெனி ஒன்று எங்கள் பிள்ளைகளுக்கு வேலைத் தேர்வு வைத்தது. எங்கள் லேபில், ஆன்லைனில், அறுபத்திரண்டு பேருக்கும் ஒன்றாக. சரியாகப் பத்து மணிக்குத் தொடங்கி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கோமதிநாயகம் அண்ணாச்சி ஜெனரேட்டரைப் பார்க்கப் போயிருந்தார். பத்தே காலுக்குக் கல்லூரி முதல்வர் கம்பெனிக்காரர்கள் இரண்டு பேரையும் அழைத்து வந்தார். பின்னாலேயே போட்டோகிராபர். முதல்வர் கண்ணைக் காட்டிய இடத்தில் பார்த்தேன். நடுச் சுவிட்ச் பெட்டிக்குக் கீழே ஒரு நீல வயர் தரையில் கிடந்தது. கழன்று விழுந்திருக்கும் போல. எவன் காலிலாவது மாட்டும், போட்டோவிலும் அசிங்கம். பெட்டியில் ஒரு துளை காலியாக இருந்தது, அதில் சொருகிவிட்டேன். முதல்வர் தலையசைத்தார்.

அவர்கள் போட்டோ எடுத்து முடிப்பதற்குள் ரஹ்மத் நிஷா கை தூக்கினாள். திரை அசையவில்லை. அவளுக்குப் பக்கத்தில் ஒருவன், பின்வரிசையில் நான்கு பேர், பிறகு எல்லோரும். கேள்வித்தாள் அப்படியே உறைந்து நின்றது, ஓரத்தில் கடிகாரம் மட்டும் ஓடியது. ஒருத்தி அழ ஆரம்பித்துவிட்டாள். இசக்கிராஜா எழுந்து, "மேடம், ஒரு பிங் போட்டுப் பாக்கட்டுமா? லைன் எங்க நிக்குன்னு தெரியும்" என்றான். நான் தலையாட்டினேன். அவன் கருப்புத் திரையைத் திறந்து ஏதோ தட்டினான். வரிவரியாக ஓடியது.

அந்த நேரம் பார்த்துத் தாணுமாலயன் சார் உள்ளே ஓடிவந்தார். அறுபத்தோரு திரை வெள்ளையாக உறைந்திருக்க, ஒன்றில் மட்டும் கருப்பாக எழுத்து ஓடுகிறது. "கைய எடுல கீபோர்டுல இருந்து!" என்று போட்ட சத்தத்தில் கம்பெனிக்காரர்களே திடுக்கிட்டுப் போனார்கள்.

அண்ணாச்சி வந்து, பெட்டிகளை அணைத்து, எல்லா வயரையும் பிடுங்கித் திரும்பச் சொருகியபோது பதினொன்றே முக்கால் ஆகிவிட்டது. லைன் வந்தது. தேர்வுதான் ரத்தாகிவிட்டது.

செப்டம்பர் 5, செவ்வாய்

ஆசிரியர் தினம். கேக் வெட்டினார்கள். எனக்கு ஒரு சிவப்புப் பேனா. கேக்கில் ரோஜாப்பூ வைத்த துண்டு யாருக்கு என்பதில் இரண்டு பேராசிரியர்களுக்குள் மனத்தாங்கல்.

மதியம் தாணுமாலயன் சார் அறையில் பேச்சு. இசக்கிராஜா வேண்டுமென்றே நெட்வொர்க்கை அடைத்துவிட்டானாம். "அவனும் பரீட்சை எழுதுறவன்தானே சார், எதுக்கு அடைக்கான்?" என்று யாரோ கேட்டதற்கு, "கேள்வி கஷ்டமா இருந்திருக்கும். தான் எழுதலன்னா ஊரே எழுதக் கூடாது. ஏற்கெனவே ஒருக்கா பண்ணுனவன்தானே" என்றார். கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. கம்பெனி பெரிய மனது வைத்து, பதினான்காம் தேதி மதுரையில் வேறொரு கல்லூரியில் மறுதேர்வு வைக்கச் சம்மதித்திருக்கிறது. தவறு செய்தவன் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டுமாம்.

செப்டம்பர் 6, புதன்

லேபில் அண்ணாச்சி என்னிடம் ஏதோ சொன்னார். நடுப் பெட்டியில் ஒரு வயரின் இரண்டு முனையும் அதே பெட்டியிலேயே சொருகியிருந்ததாம், கழற்றிப் போட்டுவிட்டாராம். ரிப்பேருக்குப் போன கம்ப்யூட்டரின் வயர் அது என்றார். "சரி சரி" என்று சொல்லிவிட்டு லாக் புக் எழுதப் போனேன்.

செப்டம்பர் 8, வெள்ளி

இசக்கிராஜா சஸ்பெண்ட். மறுதேர்வுப் பட்டியலில் அவன் பெயர் கிடையாது. வகுப்பில் நான் பாடத்தை மட்டும் எடுத்தேன். திங்கட்கிழமைக்கு மூன்றாம் யூனிட் தயார் செய்ய வேண்டும். வீட்டுக்காரர் மின்வாரிய ஆபீசிலிருந்து நேரே கூட்டாளியோடு கடம்பூர் போய்விட்டார். செய்த சாம்பார் வீண்.

செப்டம்பர் 9, சனி

காலையில் மூன்றாம் யூனிட்டை எடுத்து உட்கார்ந்தேன்.

சுவிட்ச் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று இருந்தது. ஒரு கம்ப்யூட்டர் 'இன்னார் எங்கே இருக்கிறீர்கள்' என்று எல்லோருக்குமாக ஒரு கூப்பாடு போட்டால், பெட்டி அதை வந்த வழி தவிர மற்ற எல்லாத் துளைகள் வழியாகவும் அனுப்பிவிடும். கல்யாண வீட்டில் 'பந்திக்கு வாங்க' என்று பொதுவாகக் கூவுகிற மாதிரி என்று ஓரத்தில் குறித்துக்கொண்டேன். வகுப்பில் சொன்னால் சிரிப்பார்கள்.

அடுத்த பக்கம். ஒரே வயரின் இரண்டு முனையையும் ஒரே பெட்டியில் சொருகிவிட்டால், ஒரு முனை வழியே போன கூப்பாடு மறுமுனை வழியே திரும்ப உள்ளே வரும். பெட்டி அதைப் புதிய கூப்பாடு என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடி வரும். நிறுத்த ஆள் கிடையாது. சில விநாடிகளில் இந்தக் கூப்பாடு மட்டுமே வயர்களை நிரப்பிவிடும், வேறு எதுவும் போக முடியாது. விலை உயர்ந்த பெட்டிகள் இதைக் கண்டுபிடித்துத் துளையை அடைத்துவிடும். சாதாரணப் பெட்டிகளுக்கு அந்த அறிவு கிடையாது.

இதை நான்கு தடவை படித்தேன். குழாயில் தண்ணீர் வந்து, ட்ரம் நிரம்பி, வழிந்து, எதிர்வீட்டு அக்கா கூப்பிட்ட பிறகுதான் எழுந்து போனேன்.

எத்தனையோ காரணம் இருக்கும். கம்பெனியின் சர்வரே மக்கர் செய்திருக்கலாம். நான் சொருகிய வயரும் அண்ணாச்சி சொன்ன வயரும் ஒன்றுதான் என்று யார் பார்த்தார்கள்?

செப்டம்பர் 10, ஞாயிறு

போர்வைகள் எல்லாம் துவைத்தேன். ஊறப்போட்டது, அலசியது, காயப்போட்டது.

இவரிடம் பொதுவாகக் கேட்டேன். ஆபீசில் ஒருத்தர் தெரியாமல் ஒரு தவறு செய்துவிட்டார், பழி இன்னொருத்தர் மேல் விழுந்துவிட்டது, அப்போது என்ன செய்வது என்று. இவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "உன் பேரு எங்கயும் வரலல்லா? பெறவு என்ன?" என்றார். பொதுவாகத்தான் கேட்டேன், இவருக்கு எப்படித் தெரிந்தது என்று இருக்கிறது.

செப்டம்பர் 11, திங்கள்

மூன்றாம் யூனிட் எடுத்தேன். பந்தி உதாரணத்துக்குச் சிரித்தார்கள். அதோடு நிறுத்தி, அடுத்த யூனிட்டுக்குத் தாவினேன். ரஹ்மத் எழுந்தாள்.

"மேடம், நடுவுல லூப்னு ஒரு டாபிக் இருக்கே."

"அது அவ்வளவு முக்கியம் இல்ல."

"சிலபஸ்ல இருக்கு மேடம். போன வருஷம் பதினாறு மார்க் கேட்டிருக்காங்க."

"நேரம் இருந்தா பெறகு பாப்போம். உக்காரு."

உட்கார்ந்தாள். ஆனால் புத்தகத்தை மூடவில்லை, அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். லாக் புக்கில் 'மூன்றாம் யூனிட் முழுவதும் முடிந்தது' என்று எழுதினேன்.

மாலையில் லேபுக்குப் போனேன். அண்ணாச்சி கீபோர்டுகளைக் கவிழ்த்துத் தட்டி, உள்ளே கிடந்த முறுக்குத் துணுக்குகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். அந்த நீல வயரைப் பற்றி யாரிடமாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"எங்கிட்ட யாரு கேட்டா மேடம்? வயரு புடுங்குதவன்ட்ட யாரு கேப்பா? உங்ககிட்ட சொன்னேன், அவ்வளவுதான்."

"வெளிய சொல்லிக்கிட்டு இருக்க வேண்டாம் அண்ணாச்சி. தேவையில்லாம உங்க தலையில கட்டிருவாங்க."

எனக்கே என் குரல் பிடிக்கவில்லை. அவர் கையிலிருந்த கீபோர்டை மெதுவாக மேஜையில் வைத்தார். "நான் அன்னிக்கு ஜெனரேட்டர் ரூம்ல இருந்தேன்" என்றார். நான் வெளியே வந்துவிட்டேன்.

செப்டம்பர் 12, செவ்வாய்

காலையில் இசக்கிராஜா வந்தான். சஸ்பெண்ட் ஆனவன் உள்ளே வரக்கூடாது என்பதால் வாட்ச்மேன் ரொம்ப நேரம் நிறுத்திவைத்துப் பிறகு விட்டிருக்கிறார். கூட அவன் அப்பா. தீப்பெட்டி ஆபீசில் வேலை, அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவர் வராந்தாவிலேயே நின்றுகொண்டார். எத்தனை சொல்லியும் உட்காரவில்லை.

இசக்கிராஜா நான்கு நாளில் இளைத்திருந்தான்.

"மேடம், நான் உங்ககிட்ட கேட்டுட்டுத்தானே பிங் போட்டேன். அத மட்டும் சொல்லிருங்க. வேற ஒண்ணும் வேண்டாம். வியாழக்கிழம மதுரைல டெஸ்ட். நீங்க ஒரு வார்த்த சொன்னா லிஸ்ட்ல சேத்துருவாங்க."

"அன்னைக்கு இருந்த பதட்டத்துல யாரு என்ன கேட்டாங்கன்னு எனக்கு ஞாபகம் இல்லப்பா."

"தலையாட்டுனீங்க மேடம்."

"ஆட்டியிருப்பேன். எதுக்குன்னு ஞாபகம் இல்ல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். நான் நிஜமாகவே மறந்துவிட்டேன் என்று நம்பி, எப்படி ஞாபகப்படுத்துவது என்று யோசித்தான். "நீங்க பச்ச கலர் சேல கட்டியிருந்தீங்க மேடம். ரஹ்மத் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தீங்க" என்றெல்லாம் சொன்னான். எனக்கு வகுப்பு இருக்கிறது என்று சொல்லி எழுந்துவிட்டேன். வராந்தாவைக் கடக்கும்போது அவன் அப்பா கும்பிட்டார்.

மதியம் விசாரணைக் குழு. மூன்று பேர், நடுவில் தாணுமாலயன் சார். லேப் இன்சார்ஜ் என்ற முறையில் எழுத்து மூலம் கேட்டார்கள். 'தேர்வு நேரத்தில் லேப் வயரிங்கில் எந்த மாற்றமும் செய்யப்படவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 13, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. மாவு புளித்துவிட்டது.

செப்டம்பர் 14, வியாழன்

மதுரைக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். கல்லூரி பஸ்ஸில் அறுபத்தோரு பேர். ஏறும்போது தலையை எண்ணினேன். எண்ணி முடித்ததும் டிரைவர், "அறுபத்திரண்டுன்னுல்லா ட்ரிப் சீட்ல போட்டிருக்கு? ஒராளு வரணுமா?" என்றார். இல்லை என்றேன். பஸ்ஸில் பேச்சு அப்படியே நின்று, சாத்தூர் வரைக்கும் யாரும் வாய் திறக்கவில்லை.

தேர்வு நல்லபடி நடந்தது. அங்கே லேபில் பெட்டிகளெல்லாம் கண்ணாடிக் கதவுக்குள் பூட்டியிருந்தன. ஒன்றரை மணி நேரமும் நான் அந்தக் கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பும்போது பிள்ளைகளுக்கு உற்சாகம் வந்துவிட்டது, சாத்தூரில் இறங்கிச் சேவு வாங்கினார்கள். எனக்கும் ஒரு பொட்டலம் நீட்டினார்கள். வயிறு சரியில்லை என்றேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டில்கூட எழுதாவிட்டால் எங்கே எழுதுவது? நெட்வொர்க்கை அடைத்தது நான். அது எனக்கு ஒன்பதாம் தேதி காலையிலேயே தெரியும். இன்றைக்கு இசக்கிராஜா பஸ்ஸில் இருந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் 16, சனி

இருபத்து மூன்று பேருக்கு வேலை. ஸ்வீட் கொடுத்தார்கள்.

விசாரணைக் குழுவின் முடிவும் வந்துவிட்டது. இசக்கிராஜாவை ஒரு செமஸ்டர் நீக்கி வைப்பது. திங்கட்கிழமை லீவு, செவ்வாய்க்கிழமை ஆர்டர் போகும். அதில் லேப் இன்சார்ஜ் கையெழுத்தும் வேண்டுமாம்.

கடைசி மணி நேரம் வகுப்பு. நான் போர்டில் எழுதிக்கொண்டிருந்தபோது ரஹ்மத் குரல் கேட்டது. "மேடம், லூப் டாபிக்க நானே படிச்சுட்டேன். அன்னைக்கு நம்ம லேப்ல அதுதானே நடந்திருக்கும்?"

திரும்பாமல் நின்றேன். ஆசிரியர் தினத்துக்குக் கொடுத்த சிவப்புப் பேனா எனக்குப் பின்னால் மேஜையில், அட்டெண்டன்ஸ் நோட்டின் மேல் கிடந்தது. அறுபத்தோரு பேரும் என் முதுகைப் பார்ப்பது தெரிந்தது. "இருக்கலாம். செவ்வாக்கிழம சொல்றேன்" என்றேன். மணி அடித்துவிட்டது.

செப்டம்பர் 17, ஞாயிறு

பயமாக இருக்கிறது. வேலை போய்விடும் என்று பயம். சொல்லாவிட்டால் அந்தப் பெண் சொல்லிவிடுவாள் என்று பயம். இந்த இரண்டில் எது பெரியது என்று பார்த்துக்கொண்டே இரண்டு வேளைச் சமையல் முடிந்துவிட்டது. பையனைப் பற்றிய கவலை மூன்றாவதாகத்தான் வருகிறது. அதையும் எழுதிவைக்கிறேன்.

செப்டம்பர் 19, செவ்வாய்

காலை ஒன்பது மணிக்குத் தாணுமாலயன் சாரிடம் போய், ஆர்டரில் கையெழுத்துப் போடுவதற்கு முன் லேபில் ஒன்று காட்ட வேண்டும், முதல்வரும் வர வேண்டும் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஏன் என்று கேட்கவில்லை.

பதினொரு மணிக்கு லேபில் எல்லாக் கம்ப்யூட்டரையும் ஓட விட்டோம். எங்கள் வகுப்புப் பிள்ளைகளும் இருந்தார்கள். எல்லோரையும் இணையத்தில் ஏதாவது ஒன்றைத் திறக்கச் சொன்னேன். கோமதிநாயகம் அண்ணாச்சியிடம் அந்த நீல வயரைக் கேட்டேன். அவர் எதுவும் கேட்காமல் கொண்டுவந்து, ஒரு முனையைப் பெட்டியில் சொருகி மறுமுனையைத் தரையில் போட்டார். அன்றைக்கு இருந்த மாதிரியே. நான் குனிந்து அதை எடுத்துக் காலித் துளையில் சொருகினேன்.

பெட்டியின் பச்சை விளக்குகள் அதுவரை ஒன்றுமாற்றி ஒன்று கண்சிமிட்டிக்கொண்டிருந்தன. ஒரு விநாடியில் எல்லாம் சேர்ந்து வெறிபிடித்ததுபோல் துடித்தன. "மேடம், நின்னுட்டு" என்றான் ஒருவன். பிறகு அந்த மூலையில், இந்த மூலையில். எழுபது கம்ப்யூட்டரும் செத்துப்போக இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. முனையைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக உயிர் வந்தது.

"நாலாம் தேதி இத செஞ்சது நான்தான் சார். போட்டோவுக்கு அசிங்கமா இருக்குன்னு சொருகுனேன். இசக்கிராஜா எங்கிட்ட கேட்டுட்டுத்தான் பிங் போட்டான். நான் எழுதிக் கொடுத்தது தப்பு."

முதல்வர் பெட்டியையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். முதலில் கேட்டது இதைத்தான்: "இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?"

நேற்று என்று சொன்னேன். பாடம் தயார் செய்யும்போது நேற்றுதான் தெரிந்தது என்றேன். அதைச் சொல்ல வேண்டும் என்று யோசித்து வைத்திருக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. கூட்டத்தில் ரஹ்மத் எங்கே நிற்கிறாள் என்று என் கண் தேடியது. அவள் குனிந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 20, புதன்

எல்லாம் தலைகீழாகிவிட்டது. திட்டுவார்கள் என்று போனேன், பாராட்டுகிறார்கள். இது டெக்னிக்கல் கோளாறு, யார் மேலும் தவறில்லை என்று ஃபைலை மூடிவிட்டார்கள். நல்ல சுவிட்ச் பெட்டிகள் வாங்க முதல்வர் கையெழுத்துப் போட்டுவிட்டார். "தெரிஞ்ச மறுநாளே வந்து சொன்னியளே, அதுக்குப் பெரிய மனசு வேணும் மேடம்" என்று தாணுமாலயன் சார் பத்துப் பேர் முன்னால் சொன்னார். தனியாகக் கூப்பிட்டு, டிசம்பர் விஷயத்தை மறந்துவிடுங்கள் என்றார்.

வகுப்பில் நுழைந்ததும் கை தட்டினார்கள். இசக்கிராஜாவும் வந்திருந்தான், அவனும் தட்டினான். வகுப்பு முடிந்ததும் ஓடிவந்து, "நீங்க மட்டும் சொல்லலன்னா எனக்கு ஒரு வருஷம் போயிருக்கும் மேடம். அப்பா உங்கள நேர்ல பாத்துக் கும்பிடணும்னு சொல்லுதாரு" என்றான். வேண்டாம் என்றேன். இரண்டு தடவை சொன்னேன்.

ரஹ்மத் கை தட்டினாளா என்று நான் பார்க்கவில்லை.

செப்டம்பர் 22, வெள்ளி

இசக்கிராஜாவுக்குத் தனியாகத் தேர்வு வைக்கும்படி முதல்வர் கம்பெனிக்கு எழுதியிருந்தார். பதில் வந்துவிட்டது. ஆள் எடுத்து முடித்தாயிற்று, பதினான்காம் தேதியோடு சரி, வருத்தம், வாழ்த்துகள். தாணுமாலயன் சார் அதை எனக்குக் காட்டி, "சே, நாலஞ்சு நாள் முந்தித் தெரிஞ்சிருந்தா அவனையும் மதுரைக்குக் கொண்டு போயிருக்கலாம், கேட்டியளா. என்ன செய்ய, உங்களுக்கும் தெரியாதுல்லா" என்றார்.

வீட்டுக்கு வந்து இந்த டைரியை முதலிலிருந்து படித்தேன். என் கையெழுத்து இவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. ஒன்பது, பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒரு தேதியிலும் ஒரு அடித்தல்கூட இல்லை.

செப்டம்பர் 25, திங்கள்

சொல்லிவிட்டேன்.

மதிய இடைவேளையில் இசக்கிராஜாவை லேபுக்கு வரச் சொன்னேன். அண்ணாச்சி சாப்பிடப் போயிருந்தார். அவன் கம்பெனி விஷயமாக ஏதோ நல்ல செய்தி என்று நினைத்துக்கொண்டு வந்தான், முகத்தில் தெரிந்தது. உட்காரச் சொன்னேன். நானும் உட்கார்ந்தேன்.

"எனக்கு இது பதினெட்டாம் தேதி தெரியல இசக்கிராஜா. ஒம்பதாம் தேதியே தெரியும்."

அவனுக்கு முதலில் புரியவில்லை. சிரிக்கக்கூடச் செய்தான். பிறகு அவன் கண்கள் ஒரு நொடி மேலே போய்த் திரும்பின. தேதிகளை எண்ணுகிறான் என்று தெரிந்தது.

"ஒம்பதாந் தேதியா?"

"ஆமா."

"பன்னெண்டாந் தேதி நானும் அப்பாவும் வந்தோமே மேடம்."

"ஆமா."

"அப்ப தெரியும்."

"தெரியும். நீ எங்கிட்ட கேட்டதும் ஞாபகம் இருந்துச்சு. தலையாட்டுனதும் ஞாபகம் இருந்துச்சு."

கத்துவான் என்று எதிர்பார்த்தேன். முதல்வரிடம் போய்ச் சொல், நானும் வருகிறேன், என்ன கேட்டாலும் ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்வதற்கு வாக்கியமெல்லாம் தயாராக வைத்திருந்தேன். சொல்லவும் சொன்னேன். அவன் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. கைகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அழுதான் என்று எழுத முடியாது, கண் சிவந்திருந்தது.

"வேல போனது போகட்டும் மேடம்" என்றான் கடைசியில். "அப்பாட்ட நான் என்ன சொல்ல? அவரு தெனமும் காலைல உங்க பேரச் சொல்லித்தான் சாமி கும்பிடுதாரு."

மன்னிச்சுரு என்று சொன்னேன். அந்த வார்த்தை அவனுக்கு எந்த உபயோகமும் இல்லை என்பது சொல்லும்போதே தெரிந்தது.

அவன் எழுந்து, நாற்காலியைச் சத்தமில்லாமல் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டு, "எங்கிட்ட நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

சாயங்காலம் முதல்வரைப் பார்த்தேன். ஒன்பதாம் தேதி என்று அவரிடமும் சொன்னேன். எழுதித் தாருங்கள் என்றார், எழுதிக் கொடுத்தேன். என்ன செய்வது என்று நிர்வாகம் முடிவு செய்யுமாம்; அதுவரை வகுப்புகளை விடக் கூடாதாம். நாளை முதல் மணி நேரம் இறுதியாண்டு. அவன் வந்து மூன்றாவது பெஞ்சில் உட்காருவான். அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறந்து, அவன் பெயரை நான்தான் சத்தமாகக் கூப்பிட வேண்டும்.